மண்ணுக்கு அரிப்பு வந்தால் சொறிஞ்சுக்குமா? குழந்தைகளுக்கு மண்ணைச் சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் 'மண்ணரிப்பு' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், மண்ணுக்கு அரிப்பு வந்தா அதுவே சொறிஞ்சுக்குமுங்களா?" வகுப்பே சிரித்தது. நானும்தான். அப்புறம் யோசித்தால் தப்பு பையன் மேல் இல்லை. கறையான் அரித்த கதவு நிலையை அவன் வீட்டிலேயே பார்த்திருப்பான். அந்த அரிப்புதான் இது என்று தொடங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் படத்தைக் காட்டித் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு மண் பாடத்தை வகுப்புக்குள் தொடங்குவதில்லை. எங்கள் காங்கேயம் பக்கத்தில் மூன்று இடங்கள் போதும்: கரடு, காடு, பள்ளம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். கரடு என்றால் சிறு பாறைக்குன்று. காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை, மழையை நம்பி வெள்ளாமை வைக்கும் மேட்டு நிலம். பள்ளம் என்றால் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. மண் பிறப்பது கரட்டில், வேலை செய்வது காட்டில், ஓடிப்போவது பள்ளத்தில். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உள்ள குழந்தைகளை இந்த வழியே நடத்திக் கூட்டிப்போனால் பாடம் பாதி முடிந்தது.

தொடங்கும் முன்

ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்குங்கள். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் தாமாகவே பாடத்துக்குள் வந்துவிடும். ஒரு பூதக்கண்ணாடி, நேரான சுவர் உள்ள இரண்டு ஊறுகாய் பாட்டில், அளவுகோல், எலுமிச்சம்பழம், பூவாளி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்று, நீளமான ஆணிகள் பத்து. இவ்வளவுதான் செலவு. காட்டுக்காரரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் செருப்போ ஷூவோ போட்டிருக்க வேண்டும். மதில் இல்லாத கிணறுகள் நம் பக்கம் நிறைய. அந்தப் பக்கமே கூட்டிப்போக வேண்டாம்.

முதல் படி: கரட்டில் காது வைத்துக் கேட்பது

பாறை மேல் ஏறியதும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சிறு கல்லைக் கொடுத்துப் பாறையைத் தட்டச் சொல்லுங்கள். சில இடங்களில் 'டிங்' என்று கெட்டியாகக் கேட்கும். சில இடங்களில் பானையைத் தட்டினாற்போல 'டொக் டொக்'. அந்த 'டொக்' கேட்கும் இடத்தில் பாறை ஏடாகப் பிரிந்து, அடியில் இடைவெளி விழுந்திருக்கிறது. விளிம்பைத் தேடினால் வெங்காயத் தோல் போல உரிந்து நிற்கும் தகடு கண்ணில் படும். மண்ணின் பிறப்பு இங்கேதான்.

பாறை ஏன் உரிகிறது? பகலில் வெயில், இரவில் குளிர், சூடான பாறை மேல் திடீர் மழை. வெளித்தோல் விரிகிறது, உள்ளே இருப்பது அவ்வளவு விரிவதில்லை. அந்தக் காலத்தில் கல் உடைப்பவர்கள் பாறை மேல் தீ மூட்டித்தான் தகடு தகடாகப் பெயர்த்தார்கள். வெயிலும் அதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது. விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும், தூசி சேரும், ஒரு பறவை எச்சத்தோடு ஆல விதையைப் போடும். வேர் பருக்கப் பருக்க விரிசல் அகலும். இச்சிமரம் பாறையைக் கட்டிப் பிடித்து நிற்காத கரடு அபூர்வம்.

பாறை மேல் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பதைக் காட்டுங்கள். பாசியும் பூஞ்சையும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இதே வகையறாதான் என்றால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இவை கசியவிடும் அமிலம் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. மழைநீரும் சும்மா இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து அதிலும் இளம் புளிப்பு உண்டு.

புளிப்பு கல்லைத் தின்னுமா என்று கேட்பவர்களுக்கு அங்கேயே ஒரு வித்தை. காட்டில் கிடக்கும் வெள்ளைச் சுக்காங்கல் ஒன்றை எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரை பொங்கும், காது வைத்தால் 'உஸ்' என்று மெல்லச் சத்தம் வரும். அந்தக் கல்லில் இருப்பது சுண்ணாம்பு. வெங்கச்சங்கல் எனும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லின் மேல் பிழிந்தால் ஒன்றும் நடக்காது. எலுமிச்சைக்கும் அது மசியாது, மழைக்கும் மசியாது. மற்ற கனிமங்கள் சிதைந்து களிமண் ஆனபிறகும் வெங்கச்சங்கல் மட்டும் மணலாக மிஞ்சி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

நம் பகுதிப் பாறைகளில் நைஸ், சார்னோக்கைட் வகைகள் அதிகம். வெங்கச்சங்கல், ஃபெல்ட்ஸ்பார், மினுமினுக்கும் காக்காப்பொன், இரும்பு கலந்த கறுப்புக் கனிமங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும். காங்கேயம் பக்கம் கிடைக்கும் சந்திரகாந்தக் கல்லும் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்தான். ஃபெல்ட்ஸ்பார் சிதைந்தால் களிமண். கறுப்புக் கனிமத்தின் இரும்பு துருப்பிடித்தால் சிவப்பு. நம் செம்மண்ணின் சிவப்பும் பழைய கடப்பாறையின் துருவும் ஒரே சாதி என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டாம் படி: குழிச் சுவரைப் படிப்பது

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய குழியோ, சாலைக்காக வெட்டிய மேடோ இருந்தால் அதன் சுவரைக் காட்டுங்கள். மேலே ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் கறுத்த, வேர் பின்னிய மேல்மண். அதற்கடியில் இன்னும் சிவந்த, இறுகிய அடிமண். அப்புறம் பல இடங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். அதற்கும் கீழே பாறை போலவே இருக்கும், ஆனால் கையால் நெருடினால் உதிரும் சரளை. கடைசியில் கடப்பாறைக்கும் அசையாத பாறை.

குழி கிடைக்கவில்லையா? போர் போடுவதைப் பார்த்த பிள்ளை வகுப்பில் கட்டாயம் இருக்கும். போர்வெல் லாரிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு நம் பக்கத்து ஊர்தானே. முதலில் என்ன நிறத்தில் வந்தது என்று கேளுங்கள். முதலில் செம்மண், கொஞ்ச நேரத்தில் ஊரெல்லாம் சாம்பல் நிறப் பாறைத்தூள். குழிச் சுவரில் பார்த்த அதே வரிசைதான்.

மேலே உள்ள அந்த ஒரு சாணுக்கு வயது என்ன? 2 முதல் 3 சென்டிமீட்டர் மண் உருவாக 1000 வருடம்வரை ஆகலாம் என்கிறார்கள் மண்ணியலாளர்கள். ஆயிரம் வருடம் என்பது குழந்தைக்கு வெறும் எண். அதனால் நான் காலிங்கராயன் வாய்க்காலைச் சொல்வேன். அது வெட்டப்பட்டது 13ஆம் நூற்றாண்டில். அன்று ஒரு வெறும் பாறை மேல் மண் பிறக்கத் தொடங்கியிருந்தால், 700 வருடத்துக்கு மேல் கடந்த இன்று அங்கே ஒரு விரல் கணு உயரத்துக்கு மண் சேர்ந்திருக்கும். பிள்ளைகள் தங்கள் விரலைப் பார்ப்பார்கள், அப்புறம் சாணை விரித்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நாம் பேசாமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் படி: மண்ணுக்குள் என்னென்ன

பாடப்புத்தகக் கணக்குப்படி நல்ல மண்ணில் கனிமத் துகள்கள் 45 சதவீதம், காற்று 25, நீர் 25, மக்கியதும் உயிருள்ளதும் 5. மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நம் மானாவாரிக் காட்டில் சித்திரை மாதம் போய்ப் பார்த்தால் நீரின் பங்கைக் காற்று எடுத்துக்கொண்டிருக்கும், மக்கியது 5-க்கு வெகு கீழே இருக்கும். எண்ணைவிட நான்கும் அங்கே இருப்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் முக்கியம்.

காற்று: காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். குமிழ் குமிழாக மேலே வரும்.

நீர்: காய்ந்ததுபோல் தெரியும் மண்ணைப் பாட்டிலில் பாதி போட்டு, மூடி வெயிலில் வையுங்கள். மத்தியானம் உள்சுவரில் முத்து முத்தாக வேர்த்திருக்கும்.

உயிர்: மரத்தடிச் சருகை விலக்கி ஒரு கைப்பிடி மண்ணை வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். மண்புழு வரலாம், வராமலும் போகலாம். காய்ந்த காட்டில் அது ஆழத்துக்கு இறங்கிவிடும். இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் கறையான் பார்க்கிறது. கதவை அரித்த அதே கறையான்தான் காட்டில் சருகை மண்ணாக்குகிறது என்றால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வராது, புற்றைக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. ஒரு கைப்பிடி நல்ல மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உலக மக்கள்தொகையைவிட அதிகம்.

கனிமத் துகள்களைப் பிரித்துப் பார்க்கத்தான் ஊறுகாய் பாட்டில். கட்டிகளை நன்றாக நொறுக்கி, கல்லைப் பொறுக்கிவிட்டு, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண். கழுத்துவரை தண்ணீர். ஒரு சிட்டிகை சோப்புத்தூள். மூடியை இறுக்கி ஐந்து நிமிடம் குலுக்கி, மேசையில் வைத்துவிட்டு யாரும் தொடக்கூடாது. ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். களி படிய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும்.

முதல் வருடம் நான் சோப்புத்தூளுக்குப் பதில் உப்புப் போட்டேன். யாரோ சொன்ன யோசனை. தண்ணீர் சீக்கிரமே தெளிந்துவிட்டது, எனக்கு ஒரே பெருமை. ஆனால் மணலுக்கு மேல் கோடே விழவில்லை. களித்துகள்களை உப்பு ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாக்கி, வண்டலோடு சேர்த்தே கீழே இறக்கிவிட்டது. சோப்புத்தூள் இதற்கு நேரெதிர், துகள்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். கலங்கல் நீண்ட நேரம் நிற்கும், பொறுத்திருந்தால் கோடு தெளிவாக விழும்.

கோடு விழுந்ததும் அளவுகோலை வைத்து அளக்கச் சொல்லுங்கள். மொத்தம் 10 சென்டிமீட்டர், அதில் மணல் 7 என்றால் 70 சதவீதம். கணக்குப் பாடமும் முடிந்தது. மணல் துகள் 2 மில்லிமீட்டர்வரை இருக்கலாம், களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. 2 மில்லிமீட்டர் மணலை ஒரு பெரிய பூசணிக்காயாக நினைத்தால், களித்துகள் அதன் பக்கத்தில் கடுகைவிடச் சிறியது.

நான்காம் படி: செங்காடும் கருங்காடும்

ஒரு பாட்டில் செங்காட்டு மண்ணுக்கு, இன்னொன்று கருங்காட்டு மண்ணுக்கு. கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் உறவினர் உள்ள பிள்ளையிடம் சொன்னால் கரிசல் ஒரு பை வந்து சேரும்.

பாட்டிலுக்கு முன்பே கையில் ஒரு சோதனை செய்யலாம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கு எதிர்த் தோட்டத்து அப்பாரு. "அம்மணி, மண்ணைக் கண்ணுல பாத்தா என்ன தெரியும், ஒரு உருண்டை புடிச்சுப் பாக்கோணும்" என்பார். மண்ணைச் சப்பாத்தி மாவு பதத்துக்கு நனைத்து உருட்டுங்கள். உருண்டையே நிற்காமல் உதிர்ந்தால் மணல். உருண்டை நின்று, கயிறாகத் திரிக்கும்போது உடைந்தால் மணல் கலந்த செம்மண். கயிறை முறுக்குப் போல வளைத்தும் வெடிக்கவில்லை என்றால் களி மிகுந்த கரிசல்.

கரிசல் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். பருத்தியும் சோளமும் அந்த ஈரத்திலேயே கரையேறும். கோடையில் காய்ந்தால் சுருங்கி, பிள்ளையின் கை உள்ளே போகும் அளவுக்கு வெடிக்கும். செம்மண் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடும், சட்டென்று காயும். கடலைக்கும் கம்புக்கும் அது போதும். எது நல்ல மண் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எதற்கு நல்லது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: மழை எடுத்துப்போவது

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும், நான் அதிக நாள் ஒதுக்குவதும் இதற்குத்தான்.

முதலில் ஒரு பொதுத் தவறு. 'மழையில் மண் கரைந்து போகிறது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சர்க்கரை கரைவதுபோல் மண் கரைவதில்லை. அது தூக்கிச் செல்லப்படுகிறது. வேகம் குறைந்த இடத்தில் இறக்கியும் வைக்கப்படுகிறது. பாட்டில் சோதனை செய்த பிள்ளைக்கு இது உடனே புரியும்: குலுக்கினால் ஏறும், விட்டால் படியும்.

அடைமழை விட்ட மறுநாள் காலை பள்ளிச் சுவரைப் பாருங்கள். வெள்ளையடித்த சுவரின் அடியில், கிட்டத்தட்ட முழங்கால் உயரத்துக்குச் சிவப்பாகப் புள்ளிகள். யாரும் பூசவில்லை. பெரிய மழைத்துளி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் தரையில் அது மோதினால் மண் 60 சென்டிமீட்டர் உயரம்வரைகூடத் தெறிக்கும். அரிப்பின் தொடக்கம் வெள்ளம் இல்லை, துளி. புல் உள்ள பக்கத்துச் சுவரில் புள்ளிகள் எவ்வளவு என்று பிள்ளைகளையே பார்த்துவரச் சொல்லுங்கள்.

அப்படியே காட்டுக்குள் குனிந்து பாருங்கள். சிறு சிறு கற்கள் ஒவ்வொன்றும் அரை விரல் உயர மண்தூணின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும். கல் குடை பிடித்த இடத்தில் மண் தப்பியது, சுற்றியிருந்தது போய்விட்டது. தூணின் உயரம்தான் போன மண்ணின் உயரம். இப்படி நிலம் முழுக்க ஏடு ஏடாகப் போவது முதல் நிலை. பார்ப்பவர் கண்ணில் படாது. அடுத்து விரல் அகலக் கோடுகள் விழும். கோடுகள் சேர்ந்து ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் பறிக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க: மூன்று தண்ணீர் பாட்டில்களைப் படுக்கவைத்து மேல் பக்கத்தை வெட்டி, ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்று வெறும் மண். ஒன்றில் சருகு மூடாக்கு. ஒன்றில் இரண்டு வாரம் முன்பே கம்பு விதைத்து முளைக்கவிட வேண்டும். கழுத்துப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், கீழே ஒரு டம்ளர். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். முதல் டம்ளர் பால் விடாத டீ மாதிரி இருக்கும். சருகு உள்ளதில் லேசான கலங்கல். கம்பு உள்ளதில் தண்ணீர் வரவே நேரமாகும்.

பெரிய வகுப்பு என்றால் ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் எவ்வளவு? ஏக்கர் சுமார் 4047 சதுர மீட்டர், ஆக ஏறத்தாழ 4 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட், அதாவது ஒன்றரை டிராக்டர் லோடு. டிராக்டர் வந்து அள்ளினால் ஊரே கூடிவிடும். மழை அள்ளினால் யாருக்கும் தெரிவதில்லை.

போன மண் எங்கே போகிறது? பள்ளம் வழியாக நொய்யலுக்கோ அமராவதிக்கோ, அங்கிருந்து காவிரிக்கு. நீலகிரிச் சரிவு மண் பவானியில் இறங்கி, 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் படிகிறது. மலைச்சரிவில் மண்ணைக் காப்பது பற்றி ஆராய 1954 முதலே உதகமண்டலத்தில் ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அணைக்குள் மண் சேரச் சேரத் தண்ணீருக்கு இடம் குறையும். ஆனால் அரிப்பு என்றாலே கெட்டது என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஆற்றங்கரை வயல்களின் வண்டல் முழுக்க என்றோ மேட்டிலிருந்து அரித்து வந்ததுதான். குளத்து வண்டலை அள்ளிக் காட்டுக்கு அடிப்பது, ஓடிப்போன மண்ணைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவருவது மாதிரி.

ஆறாம் படி: காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. உழுதுபோட்ட காட்டுப் புழுதியையும் கிளப்புகிறது. ஒரு குச்சியில் தரையிலிருந்து ஒரு அடியிலும், ஆள் உயரத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிய அட்டைகளைக் கட்டி ஒரு நாள் விடுங்கள். கீழ் அட்டையில் மணல், மேல் அட்டையில் நுண்தூசி மட்டும். மணல் தத்தித் தத்திப் போகும், தூசி பறக்கும். இவ்வளவு போதும்.

ஏழாம் படி: மண்ணைப் பிடித்து வைப்பவர்கள்

சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்லாத மூன்று விஷயம் நம் ஊரில் இருக்கின்றன.

ஒன்று கொறங்காடு. உழாமல் மாட்டுக்கு விட்ட மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம் மாடு வளர்ந்தது இதில்தான். அந்தப் புல்லின் ஒரு தூரைக் கொத்தோடு பிடுங்க முயலச் சொல்லுங்கள். வராது. ஏன் வரவில்லை என்பதே பாடம்.

இரண்டு, அதைச் சுற்றிய முள்கிளுவை வேலி. மேட்டுப் பக்கம் வந்து மோதும் மண்ணையும் சருகையும் அது நிறுத்திவிடும். பழைய வேலியின் இரு பக்கமும் தரை மட்டம் வேறு வேறாக இருப்பதைப் பிள்ளைகளை நிற்கவைத்துக் காட்டலாம்.

மூன்று, இட்டேரி. இரண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம். எங்கள் பள்ளிக்குப் போகும் இட்டேரியை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு வாரத்தில் இருபக்க வேலியையும் பொக்லைன் வைத்து வழித்துவிட்டார்கள். அடுத்த ஐப்பசியில் தடம் ஓடையானது. பிள்ளைகள் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த வருடம் அரிப்புப் பாடம் நடத்தப் படமே தேவைப்படவில்லை.

எட்டாம் படி: பத்து ஆணி

இது வருடம் முழுக்க ஓடும் வேலை. ஆணிகளை ஒரே நீளத்தில் எடுத்து, காட்டுக்காரர் உழாத ஓரத்தில், மேட்டிலிருந்து வேலிவரை வரிசையாக அடியுங்கள். தலை மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குச்சி அடையாளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு நோட்டு. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஆணித்தலைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து தேதியோடு எழுத வேண்டும். பாடம் முடிந்ததும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள், மாடு மேயும் இடம்.

போன கார்த்திகையில் கடைசி அளவு எடுக்கப் போனோம். மேட்டு ஆணிகள் சில மில்லிமீட்டர் வெளியே நின்றன. நடுவில் உள்ளவையும் கொஞ்சம் எட்டிப் பார்த்தன. வேலியோரத்துப் பத்தாம் நம்பர் ஆணியை மட்டும் காணோம். "பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாருங் டீச்சர்" என்று ஒருவன் முடிவே கட்டிவிட்டான். குச்சி மட்டும் நின்றது. ஒரு சிறுமி குச்சியருகே உட்கார்ந்து விரலால் மெல்லக் கிளறினாள். ஒரு விரல் கணு ஆழத்தில் தட்டுப்பட்டது ஆணித்தலை.